டிக்கெட் இருந்தது

நங்கநல்லூர்க்காரர்கள் பேசும்போது வாக்கியத்தின் நடுவில் நிறுத்துவார்கள். கோபமில்லை, மறதியுமில்லை. தலைக்கு மேலே விமானம் போகிறது, அவ்வளவுதான். வாய் திறந்தபடி, கை அந்தரத்தில் நின்றபடி பதினைந்து இருபது விநாடி இருந்துவிட்டு, விட்ட சொல்லிலிருந்து தொடர்வார்கள். கத்தரிக்காய் பேரமோ, பூங்காவில் அரசியலோ, பெண் பார்க்க வந்த இடமோ, எல்லாவற்றுக்கும் இந்த விதிதான். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் எங்களை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். எங்களுக்கு அது கண் இமைப்பது போல.

அப்படியொரு இருபது விநாடியில் நான் ஒரு பொய்யைத் தயார் செய்தேன்.

2013 ஆகஸ்ட், ஒரு செவ்வாய்க்கிழமை. காலை ஆறேகாலுக்குக் கல்கத்தாவிலிருந்து போன். அக்கா பிள்ளை. "மாமா, அம்மா போயிட்டா." தூக்கத்திலேயே, நாலரை மணிக்கு. கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு அவன்தான் சொன்னான்: "காலம்பற பிளைட்ல கிளம்பினா மத்தியானத்துக்குள்ள வந்துடலாம் மாமா. நீங்க வர வரைக்கும் வெச்சிருப்போம். பொறந்தாத்துக் கோடி நீங்கதானே போடணும்."

நான் பதில் சொல்ல வாயெடுத்தபோது மேலே விமானம். அவன் காதிலும் விழுந்திருக்கும். சத்தம் தேய்ந்து அடங்கும்வரை அந்தப் பக்கம் அவனும் காத்திருந்தான். "பார்க்கறேண்டா" என்றேன்.

மேஜையிலிருந்த கம்ப்யூட்டரைத் திறந்து நானே பார்த்தேன். பத்தே முக்கால் விமானத்தில் இடம் இருந்தது. பார்த்துவிட்டு மூடினேன். ஒரு மணி நேரம் கழித்து அவனைக் கூப்பிட்டு, "எல்லா பிளைட்டும் ஃபுல்டா. டிக்கெட் கிடைக்கல. ராத்திரி ஹவுரா மெயில்ல வந்துடறேன்" என்றேன். குரல் நடுங்கியது. துக்கத்தில் நடுங்குகிறது என்று நினைத்திருப்பான் என நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நான் செய்ததுதான் இன்னும் கேவலம். விமானத்தில் காலி இடம் கிடக்க, ரயிலில் ஒரு படுக்கைக்காக ஊரெல்லாம் அலைந்தேன். ரயில்வேயில் தெரிந்தவரைப் பிடித்து, அவர் இன்னொருவரைப் பிடித்து, எமர்ஜென்சி கோட்டாவில் ஒரு மேல் படுக்கை வாங்கினேன். நடுவில் தி. நகர் போய் அரக்கு நிறத்தில் ஒரு புடவையும் எடுத்தேன். சாவு வீட்டுக்கு இவ்வளவு மெனக்கெடுகிற தம்பி உண்டா என்று பார்த்தவர்களெல்லாம் நெகிழ்ந்து போனார்கள்.

வியாழக்கிழமை விடியற்காலையில் ஹவுராவில் இறங்கி, டாக்ஸி பிடித்து லேக் மார்க்கெட் போய்ச் சேர்ந்தபோது வாசலில் கோலமில்லை, அவ்வளவுதான் அடையாளம். செவ்வாய் மாலையே கியோராதலா மின்மயானத்தில் எல்லாம் முடிந்திருந்தது. "நாலு மணி வரைக்கும் வெச்சிருந்தோம்" என்றார் அத்திம்பேர். குறையாகச் சொல்லவில்லை, தகவலாகச் சொன்னார். என் பேரைச் சொல்லி யாரோ கடைத்தெருவிலேயே ஒரு கோடி வாங்கி வந்து போர்த்தியிருந்தார்கள். நான் கொண்டுபோன புடவை என்னோடு திரும்பி வந்தது. யாருக்கும் கொடுக்க முடியாத புடவை அது. பீரோவின் அடித்தட்டில் இன்னும் பிரிக்காமல் இருக்கிறது.

எனக்கு விமானத்தில் ஏறப் பயம். இதை எழுத இத்தனை வருஷம் ஆயிற்று.

இந்தப் பயத்துக்கு நான் பிறந்த ஊர் ஒரு வேடிக்கையான இடம். எழுபதுகளில் எங்கள் மொட்டை மாடியில் வடாம் காயப் போட்டுக் காக்காய் விரட்டும் வேலை என்னுடையது. விமானத்தின் வயிறு தெரியும், சக்கரம் தெரியும். சத்தத்தை வைத்தே ஆவ்ரோவா போயிங்கா என்று சொல்லிவிடுவேன். எங்கள் பேட்டைக்குள் பரங்கிமலைப் பக்கம் போனால் விசா கிடைக்க வேண்டிக்கொள்ளும் பிள்ளையார்கூட உண்டு. அக்கம்பக்கத்து வீடுகளில் பாதி பூட்டிக் கிடக்கும். பெண்ணுக்குப் பிரசவம் பார்க்க நியூஜெர்சிக்கோ டல்லாஸுக்கோ போயிருப்பார்கள். மூலைக்கு மூலை நேர்த்திக்கடன் கோவில்கள். அதில் பெரியவர் எங்கள் ஆஞ்சநேயர். ஒரே கல்லில் 32 அடி உயரம், 1995இல் கும்பாபிஷேகம். கடலைத் தாண்டிய சாமி. அவர் காலடியில் சனிக்கிழமைதோறும் நின்று, ஆகாயத்தில் என்னை ஏற்றிவிடாதே என்று வேண்டிக்கொண்ட ஒரே பக்தன் நானாகத்தான் இருப்பேன்.

பயத்துக்குக் காரணம் என்ன என்று கேட்டால், நீண்ட நாள் ஒரு காரணம் கையில் வைத்திருந்தேன். 1984 ஆகஸ்ட் 2, இரவு பதினொரு மணி வாக்கில் மீனம்பாக்கம் விமான நிலையத்தில் குண்டு வெடித்தது. கொழும்புக்குப் போக வேண்டிய பெட்டிகளில் வைக்கப்பட்டிருந்தது, போகாமல் இங்கேயே வெடித்துவிட்டது. 30 பேருக்கு மேல் இறந்தார்கள், பெரும்பாலோர் இலங்கைப் பயணிகள். எனக்கு அப்போது 27 வயது. வீட்டு ஜன்னல் அதிர்ந்தது, அப்பா எழுந்து உட்கார்ந்தார், தெருவே வாசலுக்கு வந்தது. இதையெல்லாம் உருக்கமாகச் சொன்னால் கேட்பவர்கள் தலையாட்டிவிட்டு மேற்கொண்டு கேட்க மாட்டார்கள். உண்மை வேறு. அந்தக் குண்டு தரையில் வெடித்தது, பெட்டிகள் வைத்த கூடத்தில். அதற்கும் வானத்துக்கும் சம்பந்தமில்லை. அதற்கு நாலு வருஷம் முன்னாலேயே மதுரைக்கு இலவசமாகக் கிடைத்த ஒரு விமானச் சீட்டை வயிற்றுவலி என்று சொல்லித் தட்டிக் கழித்தவன் நான். முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்த சாவை என் கோழைத்தனத்துக்குப் போர்வையாக்கிக்கொண்டேன். இதைச் சொல்லும்போது, அக்கா விஷயத்தைச் சொல்வதற்கு அடுத்தபடியாகக் கூசுகிறது.

காரணம் உண்மையில் எனக்குத் தெரியாது. கதவு மூடிவிட்டால் இறங்க முடியாது என்பதை நினைத்தாலே உள்ளங்கை ஈரமாகிவிடும். ரயிலில் சங்கிலி இருக்கிறது. இழுக்கப் போவதில்லை, ஆனால் இருக்கிறது.

பயம் ஒரு பக்கம் இருக்கட்டும். அதை வைத்துக்கொண்டு நான் கட்டிய மாளிகையைச் சொல்ல வேண்டும். ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் கணக்குத் தணிக்கை என் வேலை. அடுத்தவர் கொடுக்கும் பயணப் பட்டியலில் பொய் கண்டுபிடிப்பது. ரயிலில் முதல் வகுப்பு என்று எழுதிவிட்டு பஸ்ஸில் போனவர்கள், குடும்பத்தோடு கன்னியாகுமரி என்று எழுதிவிட்டு மாமியார் வீட்டில் தங்கியவர்கள், எல்லாரையும் பிடித்திருக்கிறேன். நியாயமாகப் பயந்துபோய் நின்ற ஒரு கிளார்க்கிடம், "பொய் சொல்றதுக்கு முன்னாடி ரெண்டு தடவை யோசிக்கணும்" என்று பாடம்கூட நடத்தினேன். ஆறாவது ஊதியக் குழுவுக்குப் பிறகு எனக்கே விமானத்தில் போகும் தகுதி வந்தது. டெல்லியில் கூட்டம் என்றால் சக அதிகாரிகள் காலையில் பறந்து இரவு திரும்புவார்கள். நான் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் 33 மணி நேரம் போய், 33 மணி நேரம் வருவேன். "அரசாங்கப் பணம் சார், நம்ம அப்பன் வீட்டுப் பணமா?" என்பேன்.

ஊர் நம்பியது. 2017இல் ஓய்வு பெற்றபோது பிரிவுபசார விழாவில் ஒருவர் எழுந்து, சாரைப் போல அரசுப் பணத்தைச் சொந்தப் பணமாகப் பார்த்தவர்கள் அபூர்வம் என்று பேசினார். சந்தன மாலை கழுத்தில் உறுத்த உறுத்தக் கைகூப்பி உட்கார்ந்திருந்தேன். என் மனைவி முதல் வரிசையில் இருந்தாள். என்னைப் பார்க்காமல் மேலே சுற்றுகிற விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளையும் பொய்யில் கூட்டுச் சேர்த்திருந்தேன். பையன் சிங்கப்பூரில். அவள் நாலு தடவை தனியாகப் போய் வந்தாள். கேட்பவர்களிடம், "அவருக்கு பிரஷர், டாக்டர் வேண்டாம்னுட்டார்" என்பாள். எனக்கு அப்போது பிரஷரே கிடையாது. 2005இல் எடுத்த பாஸ்போர்ட் பத்து வருஷம் பீரோவில் இருந்து, ஒரு முத்திரைகூட விழாமல் காலாவதியானது. கன்னி கழியாமலே மூப்படைந்த பாஸ்போர்ட்.

ஆனால் அக்கா மட்டும் வருஷா வருஷம் வந்தாள். ஒவ்வொரு மார்கழியும், கோரமண்டல் எக்ஸ்பிரஸில், 27 மணி நேரம். முழங்கால் இரண்டும் தேய்ந்துபோன பிறகும் வந்தாள். சென்ட்ரலில் படியிறங்க என் தோளைப் பிடித்துக்கொண்டு, "நங்கநல்லூர் ஆஞ்சநேயருக்கு வடைமாலை வேண்டிண்டிருக்கேன்டா, அதான்" என்பாள். எத்தனை வடைமாலை வேண்டுதல் ஒருத்திக்கு இருக்க முடியும் என்று ஒரு தடவையும் எனக்குத் தோன்றவில்லை.

2015 டிசம்பர் வெள்ளம். பழவந்தாங்கல் சுரங்கப்பாதை தண்ணீரில் மூழ்கிக் கிடந்தது. அடையாறு பொங்கி ஓடுபாதைக்குள் புகுந்து விமான நிலையத்தைச் சில நாட்கள் மூடினார்கள். அவசரத்துக்கு அரக்கோணம் கடற்படைத் தளத்திலிருந்து விமானம் விட்டார்கள். எங்கள் ஊரில் ஒரு விநோதமான அமைதி. பேசினால் பேசிக்கொண்டே இருக்கலாம், நடுவில் நிறுத்த வேண்டாம். கரண்ட் இல்லை, பால் இல்லை, தெரிந்தவர்கள் வீடுகளில் இடுப்பளவு தண்ணீர். அந்த நிலையிலும் எனக்குள் ஒரு சின்ன நிம்மதி இருந்தது. இப்போது யாருமே பறக்க முடியாது. நானும் மற்றவர்களும் ஒன்று. 2020 மார்ச் கடைசியிலிருந்து இரண்டு மாதம் நாடு முழுக்க உள்நாட்டு விமானங்கள் நின்றபோதும் அதே நிம்மதி. ஊர் கஷ்டப்படும்போது தனக்குச் சௌகரியம் என்று நினைப்பவனை என்ன சொல்லிக் கூப்பிடுவது? அந்த வார்த்தை எனக்குத் தெரியும், எழுதத்தான் கை வரவில்லை.

என்னைப் போன்றவர்கள் உலகத்தில் எங்கெங்கே இருக்கிறார்கள் என்று தேடித் தேடிப் படித்ததும் உண்டு. ஐசக் அசிமோவ், நட்சத்திர மண்டலங்களுக்கிடையே மனிதர்களைப் பறக்கவிட்டுக் கதை எழுதியவர், தான் விமானத்தில் ஏற மாட்டார். ஆர்சனல் அணிக்கு ஆடிய டென்னிஸ் பெர்க்கேம்ப், ஹாலந்துக்காரர், 1994 உலகக் கோப்பைக்குப் பிறகு பறப்பதையே விட்டுவிட்டார். தூரத்து ஊர்களில் நடந்த பல ஆட்டங்களை அதனாலேயே இழந்தார். இவர்களையெல்லாம் என் கட்சியில் சேர்த்துக்கொண்டு திருப்திப்பட்டேன். வள்ளுவரைக்கூட விடவில்லை. பயப்பட வேண்டியதற்குப் பயப்படுவதுதான் அறிவு என்று அவரே சொல்லியிருக்கிறாரே என்று என் பக்கம் இழுத்துக்கொண்டேன். ஒன்றை மட்டும் சௌகரியமாக மறந்தேன். அசிமோவும் பெர்க்கேம்ப்பும் தங்களுக்குப் பயம் என்று ஊரறியச் சொன்னவர்கள். பிரஷர் என்று சொல்லவில்லை.

2023 ஜூன் 2. ஒடிசாவில் பாலசோருக்குப் பக்கத்தில் பஹாநகா. சென்னையை நோக்கி வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் தவறான சிக்னலால் கிளைப் பாதைக்குள் திரும்பி, அங்கே நின்ற சரக்கு ரயில் மேல் மோதியது. கவிழ்ந்த பெட்டிகளில் எதிரே வந்த பெங்களூர் – ஹவுரா ரயிலும் இடித்தது. 290 பேருக்கு மேல் இறந்தார்கள். டிவியில் அந்த நீலப் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அக்கா வருஷா வருஷம் வந்த வண்டி. நான் எத்தனையோ தடவை நிம்மதியாகத் தூங்கிக்கொண்டு போன வண்டி.

அதற்குப் பிறகு ரயிலேறப் பயம் வந்ததா என்றால், இல்லை. அதே மாதம் கும்பகோணத்துக்கு ரயிலில்தான் போனேன், தூங்கினேன். அப்போதுதான் தணிக்கைக்காரனுக்கு உறைத்தது. இந்தக் கணக்கில் கூட்டல் கழித்தல் எதுவும் இல்லை. ஆபத்தைப் பார்த்துப் பயப்படுகிறவனாக இருந்தால் கும்பகோணம் போயிருக்கக் கூடாது. நான் இவ்வளவு நாள் சொல்லிக்கொண்டிருந்த எல்லாக் காரணங்களும், நான் பிடித்துக் கொடுத்த அந்தக் கன்னியாகுமரிப் பட்டியல் மாதிரியே ஜோடிக்கப்பட்டவை.

இருந்தும் ஒன்றும் மாறவில்லை. உறைத்ததற்கும் மாறுவதற்கும் நடுவில் ஒரு கிழவி தேவைப்பட்டாள்.

நங்கநல்லூர் ரோடு மெட்ரோ ஸ்டேஷன் 2016 செப்டம்பர் 21 அன்று திறந்தது, சின்னமலையிலிருந்து விமான நிலையம் வரை பாதை போட்டபோது. 2023 ஜூலையில் ஒரு நாள் காலை கிண்டிக்குப் போகப் படியேறப் போனேன். நகரும் படிக்கட்டுக்கு முன்னால் எழுபது வயதிருக்கும் ஒரு அம்மாள், கையில் வயர் கூடை, காலை நீட்டுவதும் இழுப்பதுமாக நின்றுகொண்டிருந்தார். பின்னால் ஆபீஸ் போகும் கூட்டம். ஒருவர் உச்சுக்கொட்டினார். சீருடையில் இருந்த காவல் பெண், "பாட்டி, லிப்ட் அந்தப் பக்கம்" என்றாள்.

அந்த அம்மாள் நகரவில்லை. "எல்லா எடத்துலயும் லிப்ட்டு இருக்காதும்மா, இதக் கத்துக்கணும்" என்றார். பிறகு, கூட்டத்தைப் பற்றிக் கவலையே இல்லாமல், எல்லார் காதிலும் விழும்படி, "எனக்குப் பயமா இருக்குதும்மா. கையப் புடிச்சுக்கோ. இன்னிக்கு ஒரு நாளு. நாளைக்கு நானே ஏறிடுவேன்" என்றார்.

அந்தப் பெண் கையைப் பிடித்துக்கொண்டாள். மஞ்சள் கோட்டைத் தாண்டி இரண்டு பேரும் ஏறினார்கள். அம்மாள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, உதட்டில் ஏதோ சாமி பேரை முணுமுணுத்தபடி மேலே போனார். மேலே போய்ச் சேர்ந்ததும் கொஞ்சம் தள்ளாடி, நின்று, திரும்பி வந்த வழியைப் பார்த்தார். சிரிக்கக்கூட இல்லை. கூடையைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார்.

நான் அன்று கிண்டிக்குப் போகவில்லை. வாசலிலிருந்த கல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். "எனக்குப் பயமா இருக்குது." மூன்று சொல். அந்த மூன்றைச் சொல்லாமல் இருக்க நான் அரசுப் பணம், பிரஷர், வெடிகுண்டு, வள்ளுவர் என்று எத்தனை ஆயிரம் சொற்களைச் செலவழித்திருக்கிறேன்! அவருக்கு என்னைவிடப் பயம் குறைவு என்று சொல்ல மாட்டேன். அந்தக் காலைப் பார்த்தேனே, நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.

அன்று இரவு சாப்பிட்டு முடித்து, மனைவி சமையலறையை ஒழித்துக்கொண்டிருந்தபோது வாசற்படியில் நின்று சொன்னேன்: "எனக்கு பிளேன்ல ஏறப் பயம்."

திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "தெரியுமே. பாலை எறக்கி வெச்சேளே, உறை குத்தினேளா?"

நாற்பது வருஷக் கோட்டை இப்படி விழுந்தது. ஒரு சத்தமும் இல்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட.

மறு சனிக்கிழமை ஆஞ்சநேயரைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வராமல் மெட்ரோவில் எதிர்ப்பக்கம் ஏறினேன். அடுத்த ஸ்டேஷன் மீனம்பாக்கம், அதற்கடுத்தது விமான நிலையம். ஆறேழு நிமிஷம். இறங்கி, பெட்டி உருட்டிக்கொண்டு போகிறவர்களோடு புறப்பாட்டு வாசல் வரை நடந்து, அங்கே கொஞ்ச நேரம் நின்று, திரும்பி வந்தேன். அடுத்த சனிக்கிழமையும். முதல் நாலைந்து வாரம் வாசலைப் பார்த்தாலே வாய் வறண்டுவிடும். பிறகு அங்கே நிற்பது சுவாரசியமாகிவிட்டது. வழியனுப்ப வந்தவர்களின் அழுகை, ஊறுகாய் பாட்டிலை வெளியே எடுத்துவிட்டு மறுபடி திணிக்கும் அம்மாக்கள், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை ஆட்டிக்கொண்டே இருக்கும் தகப்பன்கள். துப்பாக்கி வைத்திருந்த காவலர் ஒருவர் பல வாரம் கவனித்துவிட்டு, "யாரையாச்சும் தேடுறீங்களா சார்?" என்று கேட்டார். "இல்லப்பா, பழகிக்கிறேன்" என்றேன். அவருக்கு என்ன புரிந்ததோ. அடுத்த வாரத்திலிருந்து தலையசைப்பார்.

இப்படி ஒன்றரை வருஷத்துக்கு மேல் போயிற்று. சீக்கிரம் துணிந்துவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். ஒரு கட்டத்தில் இதுவே புது சாக்காகிவிட்டது. போய்ப் போய் வருவதே பெரிய சாதனை மாதிரி. மனைவிதான் ஒரு நாள், "வாசல்லயே நின்னுண்டிருந்தா ஆச்சா? அது என்ன, கல்யாணத்துக்குப் போய் பந்தலைப் பார்த்துட்டு வரா மாதிரி?" என்றாள். பெங்களூரில் இருக்கும் பெண்ணைக் கூப்பிட்டு, ஜூலை மாதத்துக்கு எங்கள் இருவருக்கும் போக வரச் சீட்டு போடச் சொன்னாள். 2025 மே மாதம் அது.

ஜூன் 12ஆம் தேதி ஆமதாபாத். லண்டனுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா விமானம் ஏறிய சில விநாடிகளில் மருத்துவக் கல்லூரி விடுதி மேல் விழுந்தது. உள்ளே இருந்த 242 பேரில் ஒரே ஒருவர் பிழைத்தார், 11ஏ இருக்கைக்காரர். கீழே இருந்தவர்களும் செத்தார்கள். அன்று இரவு பெண் போன் செய்து, "அப்பா, கேன்சல் பண்ணிடட்டுமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். உலகமே ஒத்துக்கொள்ளும் முதல்தரமான சாக்கு. தட்டில் வைத்து நீட்டுகிறாள். நான் என் பயத்தைத் தடவிப் பார்த்தேன். ஆச்சரியமாக, அது கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பாலசோருக்குப் பிறகு ரயில் பயம் வராத மாதிரிதான். "இருக்கட்டும்" என்றேன். வீரம் ஒன்றுமில்லை. சாக்குச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

விமானத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. டெர்மினலில் 20 ரூபாய்க்குக் காபி கொடுக்கும் உடான் யாத்ரி கபே என்று ஒரு கடை வந்திருக்கிறது, அந்தக் காபி தொண்டையில் இறங்கவில்லை. கதவு மூடியபோது எழுந்துவிட்டேன். பணிப்பெண் வந்து உட்காரச் சொன்னாள். அவளிடம், "அம்மா, எனக்குப் பயமா இருக்கு, முதல் தடவை" என்றேன். சொல்லிவிட்டேன்! தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். ஏறி முடித்த கொஞ்ச நேரத்தில் எஞ்சின் சத்தம் சட்டென்று குறையும், அது இயல்பு என்று படித்து வைத்திருந்தேன். குறைந்தபோது படித்ததெல்லாம் எங்கே போயிற்றோ, மனைவியின் மணிக்கட்டில் என் நகம் பதிந்த தடம் இரண்டு நாள் இருந்தது. ஐம்பது வருஷமாகக் கீழேயிருந்து பார்த்தவன் மேலேயிருந்து எங்கள் மொட்டை மாடியைப் பார்ப்பேன் என்று ஒரு ஆசை இருந்தது. ஆடி மாதக் காற்றுக்கு விமானம் மேற்கு நோக்கிக் கிளம்பிவிட்டது. கிழக்கே கிளம்பியிருந்தாலும் பார்த்திருக்க மாட்டேன், கண்ணை மூடிக்கொண்டிருந்தேன்.

திரும்பி வரும்போது நான் பிருந்தாவன் எக்ஸ்பிரஸில் வந்தேன். மனைவி விமானத்தில் வந்தாள். இதையும் சொல்லித்தானே ஆக வேண்டும். காலையில் எழுந்தேன், முடியவில்லை, அவ்வளவுதான். "இன்னிக்கு என்னால முடியல" என்று பெண்ணிடம் சொன்னேன். பிரஷர் என்று சொல்லவில்லை.

வந்த மறுநாள் கல்கத்தாவுக்குப் போன் செய்தேன். பன்னிரண்டு வருஷம். அத்திம்பேர் இப்போது இல்லை. அக்கா பிள்ளைக்கு நாற்பதைத் தாண்டிவிட்டது, அவன் பெண்ணே காலேஜ் போகிறாள். எப்படி ஆரம்பிப்பது என்று காகிதத்தில் எழுதி வைத்திருந்தேன். அவன் "சொல்லுங்கோ மாமா" என்றதும் காகிதம் மறந்துவிட்டது. "அன்னிக்கு டிக்கெட் இருந்ததுடா" என்றேன்.

அந்தப் பக்கம் சத்தமில்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"தெரியும் மாமா" என்றான். "நானும் அன்னிக்குப் பார்த்தேனே. பத்தே முக்காலுக்கு சீட் இருந்தது. உங்களுக்கு புக் பண்ணலாம்னு கார்டைக்கூட வெளியே எடுத்துட்டேன். அதுக்குள்ள நீங்க போன் பண்ணி ஃபுல்னு சொல்லிட்டேள்."

"ஏண்டா கேக்கலை?"

"கேட்டா வந்திருப்பேளா?"

பிறகு அவன் சொன்னதை நான் கேட்டிருக்க வேண்டாம் என்று சில நேரம் தோன்றுகிறது. அக்காவுக்கு விமானம் பயமே இல்லையாம். டெல்லிக்கும் பம்பாய்க்கும் போய் வந்திருக்கிறாள். சென்னைக்கு மட்டும் ரயில்தான் என்று பிடிவாதமாக இருப்பாளாம். முழங்கால் வலியைப் பார்த்துவிட்டு அவன் ஒரு வருஷம் விமான டிக்கெட்டே எடுத்துக் கொடுத்தானாம். "நான் பிளேன்ல போய் எறங்கினா அவனுக்கு என்னமோ மாதிரி இருக்கும்டா, ரயில்லயே போறேன்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாளாம்.

அப்போது என் தலைக்கு மேலே விமானம் போயிற்று. நான் பேசாமல் இருந்தேன். அவனும் இருந்தான். சத்தம் அடங்கிப் பல விநாடி கழித்தும் இருந்தோம்.

ஆவணியில் திதி வருகிறது. வருகிறேன் என்றேன். "ரயில்லயே வாங்கோ மாமா, ஒண்ணும் அவசரமில்லை" என்றான். இல்லை, பத்தே முக்கால் மாதிரி ஏதாவது இருக்கிறதா பார் என்றேன். அவனே கம்ப்யூட்டரைத் திறந்து பார்க்கிற சத்தம் கேட்டது. இடம் இருக்கிறது என்றான். ஜன்னல் ஓரமா, நடைபாதை ஓரமா என்று கேட்டான்.

"நடு சீட் போடுடா" என்றேன். "ரெண்டு பக்கமும் ஆள் இருக்கட்டும்."